நடுவுல நின்னவ

ஜோக்ஜாவா? ஆமா தங்கச்சி, இந்தப் பையில அப்படித்தான் அச்சடிச்சிருக்கு. அங்கருந்துதான் வர்றேன். இந்தோனேசியாவுல இருக்கு, யோக்யகர்த்தான்னு பெரிய பேரு, அவங்க செல்லமா ஜோக்ஜாம்பாங்க. ராஜா இன்னமும் அரண்மனையில இருக்கிற ஊரு. நல்ல ஊருதான். ஊரைச் சொல்லி என்ன குத்தம்?

நீங்களும் இந்த பஸ்ஸுல ஈப்போ வரைக்கும்தானே? அப்ப ரெண்டு பேருக்கும் நேரமிருக்கு. இந்தப் பையை மட்டும் மேல வச்சிருங்களேன், எனக்குக் கை எட்ட மாட்டேங்குது. அதுல ஒண்ணும் உடையற சாமான் இல்லை. பாத்திக் துணிதான். சம்பந்தியம்மா வாங்கிக் கொடுத்தது. நான் கேக்கலை.

என் பேரு தனபாக்கியம். ஆஸ்பத்திரி கவுண்டர்ல பேரு பதியற வேலை பார்த்தேன், ரிட்டையர் ஆகற வரைக்கும் அதே கவுண்டர்தான். மலாய்க்காரங்க, சீனவங்க, நம்ம ஆளுங்க, யார் வந்தாலும் என்கிட்டதான் வரணும். மலாய் எனக்குத் தண்ணி மாதிரி. இதை எதுக்குச் சொல்றேன்னா, சம்பந்தி வீட்டுல சும்மா கூட்டிட்டுப் போன ஆள் இல்லை நான். எனக்கு ஒரே பொண்ணு, தேன்மொழி. பல் டாக்டருக்குப் படிக்கக் கோயம்புத்தூர் போனா, அங்கேயே கூடப் படிச்ச பையனைக் கட்டிக்கிட்டா. இப்ப அங்க மாமியார் வீட்டுலதான் இருக்கா. மாசமா இருக்கா. அந்த மாமியார்தான் நான் சொல்ற சம்பந்தியம்மா. சுலோச்சனா. அவங்க வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி. நூல் மில்லு இருக்கு, தோட்டம் இருக்கு, எல்லாம் இருக்கு.

ரெண்டு பேரும் பத்துமலை பார்க்க வந்தாங்க. வந்தவங்க, "சம்பந்தியம்மா, ஜாவாவுல பெரிய சிவன் கோயில் இருக்காமுங்க, நீங்களும் வாங்க, உங்களுக்கு அந்தப் பாஷையும் தெரியுமே"ன்னாங்க. பார்த்தீங்களா அந்த "உங்களுக்குப் பாஷையும் தெரியுமே"? அதை நான் அப்பவே கவனிச்சேன். ஆனா பொண்ணு வாழற வீடு. வர மாட்டேன்னு சொல்ல முடியுமா?

மொத நாளே எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அவங்க பாஷையும் நம்ம மலாயும் ஒண்ணுன்னு நெனைச்சுக்கிட்டுப் போறோம்ல, அது அப்படி இல்லை தங்கச்சி. நம்ம ஊர்ல பூசிங்னா சுத்தி வர்றதுதானே. வேன் டிரைவர்கிட்ட, நல்ல மனுசன், வஹ்யூன்னு பேரு, அவர்கிட்ட "நாங்க ஊரெல்லாம் பூசிங் போகணும்"னு சொன்னேன். அவர் வண்டியை ஓரங்கட்டி, டேஷ்போர்டைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டறார். அங்க பூசிங்னா தலைவலியாம். சம்பந்தியம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "எங்க சம்பந்தியம்மா ஊரையே தலைவலியாக்கிட்டாங்க"ன்னு என் பொண்ணுக்கு ஃபோன் போட்டு வேற சொன்னாங்க. அவளும் சிரிக்கிறா. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது?

பெரம்பனான் கோயில், அதான் அந்த சிவன் கோயில், கருங்கல்லுல வானத்துக்கு நிக்குது. படி ஏறி உள்ள இருட்டுக்குள்ள போனா சிவன் நிக்கிறார். பூ இல்லை, விளக்கில்லை. சம்பந்தியம்மா செருப்பைக் கழட்டிட்டு, கையைக் கூப்பி, ஒரு பதிகம் பாடினாங்க. முழுசா. வெள்ளைக்காரங்க எல்லாம் பேச்சை நிறுத்திட்டு நிக்கிறாங்க. பாடி முடிச்சு கண்ணைத் தொடச்சுட்டு, "நீங்களும் ஒண்ணு பாடுங்க சம்பந்தியம்மா"ங்கறாங்க. எனக்கு எங்க தெரியும்? நான் ஓவர்டைம் பார்த்துப் பிள்ளையை வளர்த்தவ. தொண்டை கட்டிருக்குன்னு சொன்னேன். "அப்படிங்களா, பார்த்துக்குங்க"ன்னு சுக்கு மிட்டாய் எடுத்துக் கொடுத்தாங்க. அவமானமா இருந்துச்சு. வாயில போட்டுக்கிட்டேன்.

ஃபோட்டோன்னு வந்தா நான்தான் எடுக்கணும். அவங்க கேக்கலை, ஆனா புருஷன் பொண்டாட்டி சேர்ந்து நின்னா யார் எடுக்கறது? நான்தானே. அரண்மனையில எடுத்தேன், ராணிங்க குளிச்ச குளத்தங்கரையில எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் "இப்ப நீங்க வாங்க"ம்பாங்க, நான் வேணாம்பேன். ஒரு தடவைக்கு மேல கூப்பிடணுமா வேணாமா? சரி, ரெண்டு மூணு தடவை கூப்பிட்டாங்க. இருந்தாலும்.

இதெல்லாம் சின்ன விஷயம். நான் மனசுல வச்சுக்கிற ஆள் இல்லை. சொல்ல வந்தது துணிக்கடை.

மாலியோபோரோன்னு பெரிய கடைவீதி. குதிரை வண்டி, ரிக்ஷா, பொம்மை, செருப்பு, எல்லாம் நடைபாதையிலேயே. அதுக்குப் பின்னாடி சந்துல ஒரு பாத்திக் கடை. பெரிய கடை இல்லை. வீட்டு முன்ரூமைக் கடையாக்கின மாதிரி. கடைக்காரம்மா என் வயசு, தலையில துணி போட்டு, மெதுவாப் பேசறாங்க. கூட ஒரு சின்னப் பொண்ணு, இருபது இருக்கும், துணி எடுத்துக் காட்டறது. டிரைவர் வெளியில நிக்கிறார். ஈஸ்வரமூர்த்தி ஐயா வாசல்ல பெஞ்சுல உட்கார்ந்து அப்படியே தூங்கிட்டார்.

சம்பந்தியம்மா துணிக்காரக் குடும்பம் இல்லையா, தடவிப் பார்த்து, வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்து, மோந்து பார்த்து, ஒரு மணி நேரம். அந்தப் பொண்ணு சலிக்காம மடிச்சு மடிச்சு வைக்குது. நான் நடுவுல நின்னு இவங்க சொல்றதை அவங்களுக்கு, அவங்க சொல்றதை இவங்களுக்கு. அப்ப கடைக்காரம்மா எனக்கு ஒரு டம்ளர் டீ கொண்டாந்து கொடுத்தாங்க. எனக்கு மட்டும், தனியா. கொடுத்துட்டு மெதுவா கேட்டாங்க. "அம்மா இவங்ககிட்ட வேலைக்கு இருந்து ரொம்ப நாளாச்சா?"

தங்கச்சி, எனக்குக் காது ரெண்டும் சுட்டுருச்சு.

அவங்க மேல தப்பில்லை. சம்பந்தியம்மா பட்டு, நான் பருத்தி. அவங்க உட்கார்ந்திருக்காங்க, நான் நின்னுக்கிட்டிருக்கேன். அவங்க காதுல வைரத்தோடு. ஆனா கேக்கலாமா? "சம்பந்தி, என் பொண்ணை அவங்க பையனுக்குக் கொடுத்திருக்கேன்"னு சொன்னேன். "ஓ, மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க"ன்னு அந்தம்மா குனிஞ்சு குனிஞ்சு சொன்னாங்க. அந்தப் பொண்ணு வாயில கையை வச்சுக்கிட்டுச்சு. சிரிச்சுச்சோ என்னவோ. நான் பார்த்தேன்.

"என்ன சொல்றாங்க?"ன்னு சம்பந்தியம்மா கேட்டாங்க. "உங்க தோடு நல்லாருக்காம்"னேன்.

அந்த நேரத்துல கையைக் காதுக்குக் கொண்டுபோனவங்கதான். வலது காதுல தோடு இருக்கு. இடது காதுல இல்லை.

இப்ப நான் சொல்றதை நல்லாக் கேளுங்க, ஏன்னா இங்கதான் விஷயம். சம்பந்தியம்மா கூச்சல் போடலை. எழுந்து நின்னாங்க, மேல கீழ பார்த்தாங்க. அப்புறம் என்கிட்ட சொன்னாங்க. "சம்பந்தியம்மா, பதறாதீங்க. வழியில எங்க விழுந்துச்சோ தெரியலீங்க. உள்ள ரூம்ல அந்த ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தனில்லீங்களா, அங்க கிடக்குதான்னு அந்த அம்மிணி பார்த்துச்சுங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க."

ஒரு வார்த்தை கேளுங்க! அதுக்கு என்ன அர்த்தம்? பணக்காரங்க பேச்சு அப்படித்தான் இருக்கும், தேன் தடவி. நான் கவுண்டர்ல உட்கார்ந்தவ. ஆள் வாயைத் திறக்கறதுக்குள்ள உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுடும். ரூமுக்குள்ள கூடப் போனது அந்தப் பொண்ணு மட்டும்தானே? அப்ப கேட்டதுக்கு அர்த்தம் அதுதானே? அவங்க மனசுல இருந்ததை நான் வெளியில சொன்னேன். அவ்வளவுதான்.

என்ன சொன்னேன்? "இவங்க வைரத்தோட்டைக் காணோம். ரூமுக்குள்ள இந்தப் புடாக்தான் கூட இருந்துச்சு. எடுத்திருந்தா இப்பவே கொடுத்துரச் சொல்லுங்க"ன்னு கடைக்காரம்மாகிட்ட சொன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன். கவுண்டர்ல பேசிப் பேசி என் குரலே அப்படி.

புடாக்னா என்ன தங்கச்சி? உங்களுக்குத் தெரியாததா? சின்னப் பிள்ளை. நாம எல்லாரையும் அப்படித்தானே சொல்றோம். பொண்ணுன்னு சொல்லாம, அவன்னு சொல்லாம, சின்னப் பிள்ளைன்னு சொன்னேன். மரியாதையாத்தான்.

டிரைவர் சத்தம் கேட்டு உள்ள வந்துட்டார். அந்தப் பொண்ணு சிரிக்குது! முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு இன்னும் கோவம். அப்புறம்தான் டிரைவர் சொன்னார், ரொம்பக் கூசிப் போனா அங்க சில பேர் அப்படித்தான் சிரிப்பாங்களாம், அழத் தெரியாம. அது எனக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பொண்ணு போய்த் தன்னோட பையைக் கொண்டாந்து மேசை மேல கொட்டுச்சு. யாரும் கொட்டச் சொல்லலை. ஒரு சீப்பு, காகிதத்துல சுத்தின ரொட்டி, தொழுகைக்குப் போடற வெள்ளைத் துணி, கண்ணாடி ஒடஞ்ச ஃபோன். அப்புறம் செருப்பைக் கழட்டி உதறிக் காட்டுது. சட்டைப் பையைத் திருப்பிக் காட்டுது. சிரிச்சுக்கிட்டே.

"ஐயோ, எதுக்குங்க பையைக் கொட்டுது? வேண்டாம்னு சொல்லுங்க சம்பந்தியம்மா, வேண்டாம்னு சொல்லுங்க!"ன்னு இவங்க என் கையைப் புடிச்சு உலுக்கறாங்க. சொன்னேன்னுதான் நெனைக்கிறேன். ஞாபகமில்லை. சொல்லியிருப்பேன்.

சம்பந்தியம்மா தானே போய் அந்தச் சீப்பு, ரொட்டி, துணி, எல்லாத்தையும் ஒவ்வொண்ணா எடுத்து அந்தப் பையில வச்சாங்க. அந்த வெள்ளைத் துணியை மடிச்சு வச்சாங்க. பொண்ணு முன்னாடி ரெண்டு கையையும் கூப்பினாங்க. அப்புறம் எடுத்து வச்ச துணி எல்லாத்தையும் பேரம் பேசாம வாங்கிக்கிட்டாங்க. இந்தப் பையில இருக்கறதும் அதுல ஒண்ணுதான்.

வேன் கிளம்பினதும் டிரைவர் என்னைக் கண்ணாடியில பார்த்து, மெதுவா, அவங்க பாஷையில சொன்னார். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. எங்க ஊர்ல புடாக்னா சின்னப் பிள்ளை இல்லை. அடிமை. விலைக்கு வாங்கின ஆள்."

அடிமை.

"என்ன சொல்றார்?"ன்னு சம்பந்தியம்மா கேட்டாங்க. "ரோட்டுல கூட்டம் ஜாஸ்தியாம்"னேன்.

நீங்களே சொல்லுங்க தங்கச்சி, நாம பொறந்ததுலருந்து பேசற சொல்லு, கடலைத் தாண்டினா வேற ஆயிருச்சுன்னா அது என் குத்தமா?

அப்பதான் பின்சீட்டுல ஈஸ்வரமூர்த்தி ஐயா மாத்திரை எடுக்கச் சட்டைப் பையில கையை விட்டார். மாத்திரையோட தோடும் வந்துச்சு. உள்ளங்கையில வச்சுக்கிட்டு, "அட, சொல்ல மறந்தே போச்சு. காலையில கோயில் படியில உன் சேலை மடிப்புலருந்து விழுந்துச்சு, எடுத்து வச்சேன்"ங்கறார். எவ்வளவு சாதாரணமா!

சம்பந்தியம்மா அவரைத் திட்டுவாங்கன்னு பார்த்தேன். திட்டலை. தோட்டை வாங்கக்கூட இல்லை. முன்சீட்டுல இருந்த என் தோளைத் தொட்டு, "வண்டியைத் திருப்பச் சொல்லுங்க. அந்த அம்மிணி என்ன நெனைச்சுதோ, பையெல்லாம் கொட்டிக் காட்டுச்சு. கையப் புடிச்சு மன்னிப்புக் கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும்"னாங்க.

டிரைவருக்குத் தமிழ் தெரியாது. அவங்களுக்கு அந்தப் பாஷை தெரியாது. நான் டிரைவரைப் பார்த்தேன். "ஹோட்டலுக்கே போங்க, இவங்களுக்கு முடியலை"ன்னேன். அவங்களைப் பார்த்து, "கடையைப் பூட்டியிருப்பாங்களாம்"னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசிச்சுப் பாருங்க. திரும்பிப் போறோம். நடுவுல யார் நிக்கணும்? நான். அந்தக் கடைக்காரம்மா என்ன கேப்பாங்க, டிரைவர் என்ன சொல்வார், யாராவது ஒருத்தர் இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை பேசிட்டா? சம்பந்தியம்மா கோயம்புத்தூர் போய் என் பொண்ணுகிட்ட என்ன சொல்வாங்க? அவ மாசமா இருக்கா. நான் அவளை நெனைச்சேன். என்னை நெனைக்கலை.

ராத்திரி சாப்பிடவே இல்லை அவங்க. பெட்டியைத் திறந்து ஒரு கோரா சேலையை எடுத்தாங்க. மாம்பழக் கலர், ஊதா பார்டர். "இது உங்களுக்குன்னு கொண்டாந்ததுங்க. ஊருக்குப் போனதும் உங்களுக்கு வேற அனுப்பறேன். அந்த அம்மிணிக்குக் கொடுத்துடலாங்களா?" எனக்குக் கொண்டாந்த சேலை! இதுவரைக்கும் என் கண்ணுல காட்டலை. தாராளமாக் கொடுங்கன்னேன்.

"நானும் வர்றேனுங்க"ன்னாங்க. படி ஏறி ஏறி அவங்க கால் வீங்கியிருந்துச்சு. அதைச் சொன்னேன், கேக்கலை. அப்புறம் நான், "இங்க அது வழக்கமில்லை. வயசுல பெரியவங்க வந்து மன்னிப்புக் கேட்டா அது அவங்களுக்குத்தான் அவமானமாம்"னு சொன்னேன். அப்படி வழக்கம் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இருக்கலாம். ஒவ்வொரு ஊருக்கும் ஒண்ணு இருக்குமே.

காலையில ரிக்ஷா புடிச்சுத் தனியாப் போனேன். டிரைவரைக் கூப்பிடலை. கடைக்காரம்மா வாசல்லேயே பார்த்துட்டாங்க. திட்டுவாங்கன்னு நெனைச்சேன். உட்காரச் சொல்லி, நேத்து மாதிரியே டீ கொடுத்தாங்க. தோடு கிடைச்சிருச்சு, ஐயா பையில இருந்துச்சுன்னு சொன்னேன். "நல்லது, நல்லது"ன்னாங்க. உள்ள திரும்பி "வுலான்"னு கூப்பிட்டாங்க. அப்பதான் எனக்கு அதோட பேரே தெரியும்.

அந்தப் பொண்ணு வந்து நின்னுச்சு. கண்ணு வீங்கியிருக்கு. சேலையை நீட்டி, அந்தம்மா கொடுத்து அனுப்பினாங்க, மன்னிப்புக் கேட்டாங்கன்னு சொன்னேன். இது சத்தியமா அவங்க சொன்னதை அப்படியே சொன்னேன்.

அது சேலையை வாங்கலை. என்னையே பார்த்துச்சு. ரொம்ப மரியாதையா, அம்மான்னு கூப்பிட்டு, கேட்டுச்சு.

"அம்மா, நேத்து என்னைப் புடாக்னு சொன்னது அந்தம்மாவா, நீங்களா?"

வெளியில சைக்கிள்காரன் ஏதோ கூவிட்டுப் போறான். டீ டம்ளர் கையில சுடுது. சொல்லியிருக்கலாம். எங்க ஊர்ல அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேற, சின்னப் பிள்ளைன்னு அர்த்தம், தெரியாமச் சொல்லிட்டேன்னு. நிஜமும் அதுதான். சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஆனா அதைச் சொன்னா அடுத்தது வருமில்லையா? அப்ப எடுத்திருந்தா கொடுத்துருன்னு சொன்னது யாருன்னு வருமில்லையா? அந்தக் கடைக்காரம்மா வேற பக்கத்துல நிக்கிறாங்க, நான் யாருகிட்ட வேலைக்கு இருக்கேன்னு கேட்டவங்க.

"அவங்க சொன்னதுதான். நான் அதை உங்க பாஷையில எடுத்துச் சொன்னேன், அவ்வளவுதான்"னேன்.

அந்தப் பொண்ணு சேலையைப் பார்த்துக்கிட்டே, "அந்தம்மா என் தொழுகைத் துணியை மடிச்சு வச்சாங்களே"ன்னுச்சு. கேள்வி இல்லை. சும்மா சொல்லுச்சு. சொல்லிட்டு ரெண்டு கையாலயும் சேலையை வாங்கிக்கிச்சு. "அந்தம்மா மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைன்னு சொல்லுங்க"ன்னுச்சு.

அந்தம்மா மேல. என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. எனக்கும் ஒரு மாதிரி நிம்மதியாத்தான் இருந்துச்சு, நடுவுல நின்னவளைப் பத்தி என்ன சொல்றதுக்கு இருக்குன்னு. டீயைக் குடிச்சு முடிக்காம எழுந்துட்டேன். ரிக்ஷாக்காரன் எங்க போகணும்னு கேக்கறான், எனக்கு ஹோட்டல் பேரு வரலை. நாலு தடவை கேட்டான். எந்தப் பாஷையிலயும் எனக்கு வாய் வரலை தங்கச்சி.

ஹோட்டல் வாசல்லேயே நின்னுக்கிட்டிருந்தாங்க சம்பந்தியம்மா, அந்த வீங்கின காலோட. "என்ன சொல்லுச்சுங்க?"

"வருத்தமில்லையாம். உங்க மேல ஒரு வருத்தமும் இல்லையாம்."

அவ்வளவுதான், என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டாங்க. அத்தனை பேர் போய் வர்ற இடத்துல. "நீங்க மட்டும் இல்லாட்டி ஒரு பொண்ணு சாபத்தைச் சுமந்துக்கிட்டு ஊருக்குப் போயிருப்போமுங்க. வாயில்லாதவங்களுக்கு நீங்கதான் வாயா இருந்தீங்க"ன்னு சொல்லிச் சொல்லி அழறாங்க. அதையே என் பொண்ணுக்கும் ஃபோன்ல சொல்லியிருக்காங்க. அவ எனக்கு மெசேஜ் போடறா, அம்மா, அத்தை உன்னை அப்படிப் புகழறாங்க, எனக்குப் பெருமையா இருக்குன்னு. இந்தா பாருங்க. இன்னும் நான் பதில் போடலை.

கோலாலம்பூர் ஏர்போர்ட்டுல அவங்க ரெண்டு பேரும் கோயம்புத்தூர் ப்ளைட்டுக்குப் போனாங்க. அங்கயும் கண்ணு கலங்கறாங்க. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே! கையை உதறிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன். பஸ்ஸு வர இன்னும் எவ்வளவோ நேரம் இருந்துச்சு. அழறதுக்கு அவங்க யாரு தங்கச்சி? அவங்க என்ன பண்ணினாங்க, அழறதுக்கு?

நீங்க ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க? நான் சொன்னதுல எது தப்புன்னு சொல்லுங்க.

இல்லை, வேணாம். சொல்லாதீங்க.